என் பெயரில் தூங்கியவள்

ப்ராக்ஸி கொடுப்பதை எங்கள் ஊர்க் கல்லூரியில் யாரும் பாவமாக எண்ணியதில்லை. வராதவளுக்காகக் குரலை மாற்றி "பிரசன்ட் மிஸ்" என்று சொல்லத் தெரியாதவள் எல்லாம் ஒரு சிநேகிதியா? நானே கடைசி பெஞ்சிலிருந்து மூன்று பேருக்குச் சொல்லியிருக்கிறேன், அதில் ஒருத்திக்கு மூக்கடைத்த குரலில். அந்தப் புத்தியோடுதான் விமானம் ஏறினேன். இறங்கிய இடத்தில் பெயர் கூப்பிடுகிற வழக்கமே இல்லை. கையைப் பிடித்து ஒரு காப்பை மாட்டிவிட்டார்கள்.

வட ஜெர்மனியில், கடலோரத்தில் ஒரு பல்கலைக்கழகம். காற்றாலைப் பொறியியல் படிக்க உலகத்தின் நாலா மூலையிலிருந்தும் பிள்ளைகள் வருகிற இடம். அந்தச் சாம்பல் நிற ரப்பர்ப் பட்டைக்கு அவர்கள் வைத்திருந்த ஜெர்மன் பெயர் எங்கள் வாயில் நுழையாததால் காப்பு என்று நாங்கள்தான் பெயர் வைத்தோம். அதைக் காட்டினால் விடுதிக் கதவு திறக்கும், நூலகத்தில் புத்தகம் கிடைக்கும். அதெல்லாம் அதற்கு உபவேலை. மாணவர்களின் மனம் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள்வதுதான் அதன் அசல் வேலை. நாடித்துடிப்பு, மூச்சு, வியர்வை, குரல், எல்லாவற்றையும் கவனிக்கும். அதிலும் தூக்கத்தைத்தான் முக்கியமாகக் கணக்கில் எடுக்கும் என்றார்கள் முதல் நாள் கூட்டத்தில். பகலில் எல்லோரும் சிரித்துச் சமாளித்துவிடுவோம் அல்லவா, அதனால். பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று நிலை. நம் நிறம் நமக்குத் தெரியாது. தெரிந்தால் மார்க் மாதிரி அதையும் துரத்துவோமாம்.

சிவப்பு நீடித்தால் ஆலோசகர் கூப்பிடுவார். அப்போதும் மாறவில்லை என்றால் வீட்டுக்குத் தகவல் சொல்லிவிட்டு, 'ஓய்வுப் பருவம்' என்று ஆறு மாதம் கட்டாயமாக அனுப்பிவிடுவார்கள். ஜெர்மன் பிள்ளைகளுக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. ரயிலேறினால் மதியச் சாப்பாட்டுக்கு அம்மா வீடு. எங்களுக்கு விசா போய்விடும்.

"அவங்களுக்கு அது லீவு. நமக்கு மூட்டையக் கட்டுறது," என்றாள் சங்கரேஸ்வரி.

சங்கரேஸ்வரி சிவகாசிக்காரி. நான் தூத்துக்குடி, பெனிட்டா. ஒரே வகுப்பு, விடுதியில் பக்கத்துப் பக்கத்து அறை. சமையலறை எங்கள் இருவருக்கும், கானாவிலிருந்து வந்த எஃபுவாவுக்கும் பொது. வந்த புதிதில் நான் அப்பாவோடு போனில் பேசிய சத்தத்தில் காப்பு மிரண்டுபோய், பாதுகாவலர்கள் இரண்டு பேர் ஓடிவந்து கதவைத் தட்டினார்கள். சங்கரிதான் குறுக்கே வந்து, "ஒண்ணுமில்ல சார், அவ அவங்கப்பாக்கு குட்மார்னிங் சொல்றா," என்று ஆங்கிலத்தில் சொல்லி அனுப்பினாள். அவர்கள் போனபிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எப்போதும் அப்படித்தான். அவள் இருக்கிற இடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

நவம்பரில் எனக்கு என்னவோ ஆனது. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. நாலு மணிக்கே இருட்டிவிடுகிற ஊர், புரியாத பாடம், ஒரு தேர்வில் தோல்வி. இதெல்லாம் ஒரு காரணமா என்று நானே என்னைத் திட்டிக்கொள்வேன். ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. குளிக்கப் போவது மலையேறுகிற மாதிரி இருந்தது. டிசம்பர் தொடக்கத்தில் ஆலோசகர் டாக்டர் ஹெட்விக்கிடமிருந்து செய்தி வந்தது: உங்கள் காப்பு ஆரஞ்சில் இருக்கிறது, சிவப்பை நெருங்குகிறது, ஒருமுறை வந்து பேசுங்கள்.

நான் போகவில்லை. சமையலறையில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தேன். அப்பா நான் கிளம்பியபோது மாதா கோயில் பூசையில் சாமியாரை விட்டு அறிவிக்கச் சொன்னவர். தெருவெல்லாம் கூப்பிட்டு பிரியாணி போட்டவர். நாலு மாதத்தில் மூளை கலங்கித் திரும்பி வந்தாள் மகள் என்றால் அந்த மனுசன் எந்த முகத்தோடு கோயில் பக்கம் போவார்?

"அழுது முடிச்சிட்டியா?" என்றாள் சங்கரி. "தூக்கத்தத்தான பாக்குது அது? குடு அந்தக் காப்ப. நான் போட்டுட்டுத் தூங்குறேன்."

"ஏட்டி, வெளாடாத."

"வெளாட்டு என்ன இதுல? அட்டெண்டன்சுக்குக் குடுக்கலையா? அது மாதிரிதான். நான் படுத்தா இடி விழுந்தாக்கூட எந்திரிக்க மாட்டேன். ராத்திரி எங்கிட்ட குடு, காலைல வாங்கிக்க."

மாட்டேன் என்று ஒருமுறைதான் சொன்னேன். அதுவும் ஒப்புக்கு. இதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அவள் கையை நீட்டியதும் கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

அதன்பிறகு எனக்கு விடிந்துவிட்டது. தினமும் சாயங்காலம் அவள் அடுப்பில் ரசம் வைப்பாள். நான் சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்து என் துக்கத்தையெல்லாம் கொட்டுவேன். பள்ளிக்கூடத்தில் டீச்சர் திட்டியதிலிருந்து நேற்றுக் கனவு வரைக்கும். "ம், சொல்லுடி," என்பாள். நடுவில் ஒரு கேலி சேர்த்து என்னைச் சிரிக்க வைப்பாள். தட்டில் சோறு போட்டுக் கையில் கொடுப்பாள். படுக்கப் போகும்முன் என் காப்பை வாங்கி இன்னொரு கையில் மாட்டிக்கொள்வாள். மெல்ல மெல்ல நான் தேறினேன். தலைக்குக் குளித்தேன். ஒரு தேர்வில் பாஸ் ஆனேன். வெயில் வந்த ஒருநாள் தானாகவே பாட்டு வந்தது வாயில்.

ஜனவரியில் டாக்டர் ஹெட்விக் மறுபடி கூப்பிட்டார், இந்த முறை கட்டாயமாக. எனக்குப் பயமே இல்லை. 'முன்னேற்றம்' என்று சொல்லிப் பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்ற தெனாவட்டோடு போனேன்.

டாக்டருக்கு ஐம்பது வயதிருக்கும். மெல்லப் பேசுகிறவர். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலம் மாதிரியே கடன் வாங்கியதுதான். அதனால் இருவருக்கும் எளிதாகப் புரிந்தது. தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"பெனிட்டா, உங்கள் தூக்கம் மிகவும் மோசமாக இருக்கிறது. ஒரு மாதமாகச் சிவப்பு. கொஞ்ச நேரம் கண் அயர்கிறீர்கள். உடனே பதறி விழிக்கிறீர்கள், இதயம் அப்படி அடித்துக்கொள்கிறது. பிறகு விடியும்வரை தூக்கமே இல்லை. இந்த வருடம் நான் பார்த்ததில் இவ்வளவு துன்பமான இரவுகள் வேறு யாருக்கும் இல்லை."

எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. நான்தான் கட்டை மாதிரித் தூங்குகிறேனே! அப்புறம்தான் உறைத்தது. அந்த இரவுகள் என்னுடையவை இல்லை. மாதாவே!

"இப்படித் தூங்குகிறவர் இவ்வளவு தெளிந்த முகத்தோடு வந்து நான் பார்த்ததில்லை," என்றார் டாக்டர், என்னையே பார்த்துக்கொண்டு.

"டாக்டர்," என்றேன், "சும்மா கேட்கிறேன். வேறு ஒரு பெண் இதேமாதிரி தூங்கினால், அவளுடைய காப்பும் சிவப்பாகத்தானே ஆகும்?"

"அப்படிச் சொல்ல முடியாது. ஆளுக்கு ஆள் அளவு வேறு. ஆரம்பத்தில் எல்லோருக்கும் ஒரே அளவு வைத்திருந்தோம். பெரிய கூத்தாகிவிட்டது. ஃபின்லாந்துப் பிள்ளைகள் நாள் முழுக்கப் பேசாமல் இருந்தார்கள், அத்தனை பேரும் சிவப்பு. ஜப்பானியப் பிள்ளைகள் எல்லோரும் பச்சை, அதில் இரண்டு பேர் மருத்துவமனைக்குப் போகும்வரை பச்சை. அந்த அளவில் நீங்கள் அப்பாவோடு பேசினாலே சிவப்புத்தான்." லேசாகச் சிரித்தார். "அதனால் மாற்றினோம். முதல் மாதம், அவசரம் என்று பட்டால் ஆளை அனுப்புவதைத் தவிர, காப்பு சும்மா கவனிக்கும். ஒருவர் எப்படித் தூங்குகிறார், எப்படிப் பேசுகிறார் என்று கற்றுக்கொள்ளும். அதுதான் அவருடைய இயல்பு. அதிலிருந்து விலகினால்தான் நிறம் மாறும்."

"ஒருத்தி வரும்போதே உடைந்துபோய் வந்திருந்தால்?"

டாக்டர் கோப்பையை மேசைமேல் வைத்தார்.

"அப்படி வந்திருந்தால் அதுதான் அவளுடைய பச்சை," என்றார். "அந்தக் குறை எங்களுக்குத் தெரியும். அதற்காகத்தான் கதவைத் திறந்தே வைத்திருக்கிறோம். காப்பு கூப்பிடாமல் தானாக வருகிறவர்களுக்கு ஓய்வுப் பருவமும் கிடையாது, வீட்டுக்குத் தகவலும் கிடையாது. பேசுவது இந்த அறையோடு சரி."

"எங்கள் நாட்டிலிருந்து அப்படி யாராவது வந்தார்களா?"

"இதுவரை இல்லை." எழுந்துகொண்டார். "வியாழக்கிழமை மறுபடி வாருங்கள். அன்றைக்கு நான் உங்களைப் பற்றி ஒரு முடிவு எழுதவேண்டும்."

வெளியே வந்து பனியில் நடந்தேன். என் யோக்கியதையைக் கேளுங்கள். எனக்கு முதலில் வந்த நினைப்பு 'ஐயோ சங்கரி' என்றா? இல்லை. 'இனி என் சிவப்பை யார் மாற்றுவார்? எஃபுவாவைக் கேட்கலாமா?' என்றுதான் வந்தது. நாலடி நடந்த பிறகுதான் சங்கரியின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. சண்டாளி! இத்தனை நாள் மேடையில் ஏறி உட்கார்ந்து என் கதையை அளந்தேனே, ஒருநாளாவது 'நீ எப்படி இருக்க?' என்று கேட்டேனா? கேட்ட ஞாபகம் இல்லை. யோசித்து யோசித்துப் பார்த்தேன், நிஜமாகவே இல்லை.

சமையலறையில் எஃபுவா வாழைக்காய் வறுத்துக்கொண்டிருந்தாள். சங்கரியைப் பற்றிச் சும்மா பேச்சுக் கொடுத்தேன்.

"அவள் எல்லோருக்கும் சமைக்கிறாள்," என்றாள் எஃபுவா, வாணலியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவள் சாப்பிட்டு நீ பார்த்திருக்கிறாயா? ராத்திரியெல்லாம் அறைக்குள் நடக்கிறாள். அவளுக்கு அந்தப் பக்கம் என் அறை, சுவர் மெல்லிசு, கேட்கும். எங்கள் ஊராக இருந்தால் பக்கத்து வீட்டுக்காரி கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போயிருப்பாள். நான் தட்டப் பார்த்தேன். ஆனால் நீ பக்கத்திலேயே இருக்கிறாய், ஒரே மொழிக்காரி. உனக்குத் தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்."



சாயங்காலம் சங்கரி வந்தாள். வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள். டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். கத்தி ஒரு நொடி நின்றது. அப்புறம் மறுபடி நறுக்கத் தொடங்கினாள்.

"கிறுக்குப் பிடிச்ச மிஷினு. ரெண்டு கையிலயும் மாட்டிக்கிட்டு படுத்தா கை அரிக்காதா?" என்றாள்.

"பொய் சொல்லாத. எஃபுவா எல்லாம் சொல்லிட்டா. ஏன் தூங்க மாட்டேங்கிற?"

"அடியே, உனக்கு செவப்பு வந்துருச்சா?" அவள் முகம் வாடியது. தனக்காக இல்லை, கடவுளே, எனக்காக. "அய்யய்யோ, மன்னிச்சிருடி. உன்னைய மாட்டி விட்டுட்டேனே. இன்னும் ரெண்டு நாளு இருக்குல்ல வியாழக்கெழமைக்கு? இன்னைலருந்து நல்லாத் தூங்குறேன். சத்தியமாத் தூங்குறேன்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் செத்துவிடலாம் போல இருந்தது. யாராவது செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். நீ போய் டாக்டரப் பாரு," என்றேன்.

"எனக்கு என்ன கேடு? குத்துக்கல்லாட்டம் இருக்கேன். போடி, தட்ட எடு."

இரண்டு நாள் கெஞ்சிப் பார்த்தேன். சிரித்தே மழுப்பினாள். அதட்டினால் பாட்டுப் பாடினாள். காப்பை அவளிடம் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். அதற்கும் கோபித்துக்கொண்டாள், நான் சிக்கிவிடுவேனே என்று. தனக்காக அவள் ஒரு அடி எடுத்து வைக்கமாட்டாள் என்று எனக்குப் புரிந்தது. ஆனால் அடுத்தவளுக்காக என்றால் எங்கே வேண்டுமானாலும் வருவாள். வங்கிக்கு, பல் டாக்டருக்கு, போலீஸ் பதிவுக்கு, யார் கூப்பிட்டாலும் துணைக்குப் போகிறவள் அவள். அவளுடைய அந்தக் குணத்தை உபயோகித்துத்தான் ஒருமுறை அவளுக்குக் கெடுதல் செய்தேன். மறுபடியும் அதையே கையில் எடுத்தேன்.

"வியாழக்கெழம எனக்குப் பயமா இருக்கு. துணைக்கு வாயேம்ட்டி."

"அதுக்கென்ன, வாரேன்," என்றாள். யோசிக்கவே இல்லை.

டாக்டர் அறையில் இரண்டு நாற்காலி போட்டிருந்தது. சங்கரி என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பயப்படாதே என்கிற மாதிரி அழுத்திக்கொடுத்தாள். நான் கையை உருவிக்கொண்டேன்.

"டாக்டர், ஒரு மாதமாக நீங்கள் பார்த்தது என் தூக்கம் இல்லை. நான் காப்பைக் கழற்றி இவளிடம் கொடுத்தேன். அது இவளுடைய தூக்கம்."

சங்கரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் புரிய நேரமாகவில்லை.

"துணைக்குன்னுதான கூட்டியாந்த?" என்றாள் தமிழில், மெதுவாக. "என்னைய ஏமாத்திட்டல்ல?"

"ஆமா," என்றேன். வேறென்ன சொல்ல?

டாக்டர் என்னைப் பார்க்கவே இல்லை. அவளைப் பார்த்துச் சொன்னார்: "காப்பைக் கழற்றியது பெனிட்டாவின் தவறு. அதைப் பற்றி மட்டும்தான் நான் எழுதுவேன். உங்களை யாரும் கூப்பிடவில்லை, உங்கள் காப்பு பச்சை. நீங்களாக நடந்து வந்திருக்கிறீர்கள். இருக்கலாம், போகலாம். கதவு திறந்துதான் இருக்கிறது."

சங்கரி எழுந்தாள். கோட்டை எடுத்தாள். இவள் இப்போது போனால் இனி யார் சொல்லியும் வரமாட்டாள். பச்சை நிறக் காப்போடு சிரித்துக்கொண்டே இருப்பாள், ஒருநாள் வரைக்கும். அவள் கோட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

"சங்கரி. நேத்து ராத்திரி தூங்குனியாட்டி?"

அவள் வாயைத் திறந்தாள். ஒரு கேலி வரப்போகிறது என்றுதான் நினைத்தேன். வரவில்லை. உதடு மட்டும் கோணியது.

"இல்ல," என்றாள்.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கோட்டை மடியில் போட்டு இரண்டு கையாலும் பிசைந்தாள்.

"எனக்கு ஒரு தம்பி இருந்தான்," என்றாள் ஆங்கிலத்தில், டாக்டரிடம்.

தம்பியா? ஒரே பொண்ணு என்றல்லவா எங்களிடமெல்லாம் சொல்லியிருந்தாள்!

"கோச்சிங் கிளாசில் படித்தான், ஹாஸ்டலில் தங்கி. நான் இங்கே கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்னால் ஒரு சாயங்காலம் போன் அடித்தான். படிக்க முடியவில்லை என்று தினமும் அழுவான். அன்றைக்கு எனக்கு அலுப்பாக இருந்தது. நாளைக்குப் பேசலாம் என்று எடுக்கவில்லை." நிறுத்தினாள். "அவனுக்கு நாளைக்கு இல்லை."

டாக்டர் என்னைப் பார்த்துக் கதவுப் பக்கம் தலையசைத்தார். நான் வெளியே போய் வராந்தாவில் உட்கார்ந்தேன். நான் அழுததையெல்லாம் அவள் எந்தக் காதால் கேட்டாள் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் கூப்பிட்ட போதெல்லாம் அவள் எடுத்தது தம்பியின் போனை. ஒருநாள்கூட 'அலுப்பாக இருக்கிறது, நாளைக்குப் பேசலாம்' என்று சொல்லவில்லையே! சொல்ல முடியாதவளிடம் போயா என் மூட்டையை இறக்கினேன்?

வெகுநேரம் கழித்து வெளியே வந்தாள். கண் வீங்கியிருந்தது. என்னைத் தாண்டிப் போனாள். விடுதிக்குத் திரும்பும் பேருந்தில் முன் இருக்கையில் தனியாக உட்கார்ந்தாள்.

எனக்கு விசாரணை நடந்தது. கடுமையாக எச்சரித்து, கழற்ற முடியாத காப்பாகப் பூட்டிவிட்டார்கள். அப்பாவுக்கும் தகவல் போனது. பயத்தோடுதான் போனை எடுத்தேன். "கஸ்டமா இருந்தா வந்துரு மவளே. எவன் என்ன சொன்னா எனக்கென்ன? நீதான் வேணும் எனக்கு," என்றார். நான் நவம்பரிலேயே கேட்டிருந்தால் நவம்பரிலேயே சொல்லியிருப்பார். நான்தான் கேட்கவில்லை. அவருக்குப் பயந்து, ஏற்கெனவே தூங்காதவள் தலையில் என் பாரத்தையும் ஏற்றினேன்.

சங்கரி என்னோடு பேசாமல் இல்லை. உப்பு எங்கே, வகுப்பு எப்போது என்று பேசுகிறாள். கொஞ்சம் சாப்பிடுகிறாள் என்று எஃபுவா சொல்கிறாள். சில இரவுகளில் சுவருக்கு அப்பால் சத்தம் இல்லையாம். சமையல் இப்போது முறை வைத்து. என் முறையில் நான் வைக்கிற ரசத்தைப் பேசாமல் ஊற்றிக்கொள்கிறாள். மன்னிப்புக் கேட்டேன். "விடு, ஆச்சு," என்றாள். அது மன்னிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமைதோறும் டாக்டரிடம் போகிறாள். அவள் கிளம்புகிற நேரத்தில் நான் சமையலறையில் நின்றுகொண்டிருப்பேன், அவள் கண்ணில் படுகிற மாதிரி. போனவாரம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்.

"துணைக்கு வரட்டா?"

கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை.

"வேணாம்," என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனாள்.